ஆறாயிரம் வேட்டுகளும் ஒரு தையல் இயந்திரமும்

1990களின் முற்பகுதியில் கொழும்பிலுள்ள தமிழ்த் தினசரி ஒன்றில் உதவி ஆசிரியராக நான் சேர்ந்தபோது, முதல் வாரத்திலேயே எழுதப் பழகிய சொற்றொடர் ஒன்று உண்டு. "இனந்தெரியாத நபர்களின் துப்பாக்கிப் பிரயோகத்தில்" என்பதே அது. அந்தச் சொற்றொடரின் பின்னால் ஒரு பெயர், வயது, ஊர், பிள்ளைகளின் தொகை ஆகியன வரும். அடுத்த நாள் வேறொரு பெயர், வேறொரு ஊர். சொற்றொடர் மட்டும் மாறாது. எத்தனை தடவை அதனை எழுதினேன் என்று நான் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் தொடர்ந்து எழுதியிருப்பேனோ தெரியாது.

எமது ஆசிரிய பீடத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் கொடுத்த செய்தியைத் திருப்பித் தந்து, "எந்தத் துப்பாக்கி தம்பி? ரைபிளோ, ரிவோல்வரோ, பிஸ்டலோ? பொலிஸில் கேட்டு எழுதும். செத்த மனிசனுக்கு அந்த மரியாதையாவது குடுக்க வேணும்" என்றார். அன்று எனக்கு அது வெறும் தொழில் நுணுக்கமாகவே பட்டது. ரிவோல்வருக்கும் பிஸ்டலுக்கும் என்ன வேறுபாடு என்பதுகூட வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்துக் கலைப் பட்டம் பெற்ற எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. பின்னர் ஓய்வு நேரங்களில் இதுபற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஆயுத மோகம் அதற்குக் காரணமன்று. நாள்தோறும் எழுதும் சொல் ஒன்றின் பொருளை அறியாமல் இருப்பது வெட்கமாக இருந்தது என்பதே உண்மை.

அந்த வாசிப்பில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த கதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்க இராணுவம் "உழைக்கக்கூடிய, நம்பத்தகுந்த" கைத்துப்பாக்கி ஒன்றைத் தேடி அலைந்த கதையாகும். அதனையே இப்பத்தியில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிலிப்பைன்ஸில் தொடங்கிய சிக்கல்

1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் வென்ற ஐக்கிய அமெரிக்கா, அவ்வாண்டு டிசெம்பரில் கைச்சாத்தான பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தனதாக்கிக் கொண்டது. ஸ்பானிய ஆட்சியிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நம்பியிருந்த அந்நாட்டு மக்களுக்கு எசமானர்கள் மாறியதே மிச்சம். 1899இல் போர் மூண்டது. 1902இல் போர் முடிந்துவிட்டதாக வொஷிங்டன் அறிவித்தபோதிலும், தெற்கே மின்டனாவோ, சூலுத் தீவுகளில் வாழ்ந்த மோரோ எனப்படும் முஸ்லிம் மக்களின் எதிர்ப்பு 1913 வரை ஓயவில்லை.

அக்காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் கைத்துப்பாக்கி, 1892ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் ரிவோல்வர் ஆகும். அதன் குழல் விட்டம் 0.38 அங்குலம், ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். அதற்கு முந்திய தலைமுறையினர் பயன்படுத்திய 0.45 அங்குல ரிவோல்வரை விட இது இலகுவானது, கையாள வசதியானது. ஆயினும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த அறிக்கைகள் ஒரே குறையையே திரும்பத் திரும்பச் சொல்லின. வாளுடன் பாய்ந்து வருபவன் பல ரவைகள் பட்ட பின்னரும் நிற்கவில்லை என்பதே அக்குறை. பெட்டகங்களில் கிடந்த பழைய 0.45 ரிவோல்வர்கள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன.

இங்கே ஒரு சிறு திருத்தம் அவசியமாகிறது. இந்தக் கதை சொல்லப்படும் இடமெல்லாம் "மோரோ வீரர்கள்" பற்றியே சொல்லப்படும். ஆனால் இராணுவ மருத்துவர் லூயிஸ் லாகார்ட் பதிவு செய்து, பின்னர் பலராலும் எடுத்தாளப்பட்ட மிகத் தெளிவான சம்பவம் மோரோக்களின் பகுதியில் நிகழ்ந்ததன்று. 1905 ஒக்டோபர் 26ஆம் திகதி, சமார் தீவில், அன்ரோனியோ காஸ்பி என்ற கைதி தப்பியோட முயன்றபோது மிக அருகிலிருந்து நான்கு தடவைகள் 0.38 ரிவோல்வரால் சுடப்பட்டான். அவன் விழவில்லை. இறுதியில் துப்பாக்கியின் பின்புறத்தால் நெற்றியில் அடித்தே அவனை வீழ்த்தினார்கள். சமார் கத்தோலிக்க மக்கள் வாழும் தீவு. இருந்தும் காலப்போக்கில் இத்தகைய சம்பவங்கள் யாவும் "மதவெறி கொண்ட மோரோ" என்ற ஒரே உருவத்துக்குள் அடக்கப்பட்டுவிட்டன. ஆள்பவர்கள் எழுதும் அறிக்கைகளில் எதிர்த்து நிற்பவனுக்குக் காரணங்கள் இருப்பதில்லை. வெறி மாத்திரமே இருக்கும். இது எமக்குப் புதிய விடயமன்று.

இன்னுமொன்றையும் மறந்துவிடலாகாது. ரிவோல்வர் பலவீனமானது என்று முறையிட்ட அதே இராணுவம், 1906 மார்ச்சில் ஜோலோத் தீவின் புட் டாஜோ மலையில் தஞ்சமடைந்திருந்த மோரோக்களைப் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் கொண்டு தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட குறைந்தது 600 பேர் மடிந்தனர். எழுத்தாளர் மார்க் ருவைன் அதனைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். கைத்துப்பாக்கியின் குறைகளை ஆராய்ந்த குழுக்களின் விசாரணைக்குள் அந்த மலை வரவில்லை.

சிக்காகோ இறைச்சிக் களத்தில்

1904இல் இராணுவம் இருவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. ஒருவர் போர்த்தளபாடப் பிரிவைச் சேர்ந்த ஜோன் தொம்சன். பிற்காலத்தில் "ரொமி கன்" என்று உலகெங்கும் அறியப்பட்ட இயந்திரத் துப்பாக்கியுடன் தொடர்புடையவர் இவரே. மற்றவர் மேலே குறிப்பிட்ட மருத்துவர் லாகார்ட். எந்த அளவான ரவை மனிதனை உடனே நிறுத்தும் என்று கண்டறிவதே பணி.

அவர்கள் சிக்காகோவின் கால்நடைக் களத்துக்குச் சென்றார்கள். வெட்டுக்கு வந்த மாடுகள்மீதும் குதிரைகள்மீதும் வெவ்வேறு அளவான ரவைகளைச் சுட்டு, விழுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். மனிதச் சடலங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எலும்புகள் எவ்வாறு முறிகின்றன, உடல் எவ்வளவு ஆடுகிறது என்று குறிப்பெடுத்தார்கள். இதனை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இங்கு விபரிக்கப் போவதில்லை. அறிவியல் என்ற பெயரில் எழுதப்பட்ட அமைதியான வாக்கியங்கள் சில வேளைகளில் ஓலத்தை விட அதிகம் உறைக்கும்.

குழல் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது அவர்களின் முடிவு. சுடப்பட்ட விலங்குகளின் தொகை மிகச் சிறியது. எல்லா விலங்குகளும் ஒரே முறையில் சுடப்படவுமில்லை. எனவே, அம்முடிவு சோதனையிலிருந்து எந்தளவுக்குப் பிறந்தது, முன்னரே மனதில் இருந்த எண்ணத்திலிருந்து எந்தளவுக்குப் பிறந்தது என்ற கேள்வி நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. ஆயினும் அதே அறிக்கையில் எவரும் அதிகம் மேற்கோள் காட்டாத இன்னொரு கருத்தும் உண்டு. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் சிப்பாய்க்குக் குறிபார்த்துச் சுடுவதில் இடையறாத பயிற்சி தேவை என்பதே அது. பெரிய ரவை தவறான இடத்தில் பட்டால் பயன் குறைவு என்பதை அந்த இருவரும் அறிந்தே இருந்தனர்.

சுழல்வதா, தானாக இயங்குவதா?

அடுத்த கேள்வி ரவையின் அளவு பற்றியதன்று. பொறியின் வகை பற்றியது. ரிவோல்வரில் ஐந்தோ ஆறோ அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழல்கிறது. ஒரு ரவை வெடிக்காது போனால் விசையை மீண்டும் இழுத்தால் போதும். அடுத்த அறை முன்னே வந்துவிடும். சுடுபவனின் விரலே அதன் இயந்திரம். பிஸ்டல் அவ்வாறானதன்று. வெடித்த ரவையின் விசையே வெற்றுக் கோதை வெளியே எறிந்து, புதிய ரவையை ரவைக்கூட்டிலிருந்து உள்ளே ஏற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு வேட்டும் அடுத்த வேட்டுக்குப் பொறுப்பாகிறது. ஒரு ரவை பழுதானால், ஒரு மணற்துகள் புகுந்தால், ஒரு சுருள்வில் தளர்ந்தால் முழுச் சங்கிலியும் அறுந்துவிடும்.

குதிரைப்படையினர் பிஸ்டலைச் சந்தேகத்துடன் பார்த்ததற்குக் காரணம் இதுதான். ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தபடி ஓடும் குதிரையில் இருப்பவன், சிக்கிக்கொண்ட துப்பாக்கியைச் சரிசெய்ய மறு கைக்கு எங்கே போவான்?

1907 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதக் களஞ்சியத்தில் தேர்வு தொடங்கியது. கோல்ட், சவேஜ், ஜேர்மனியின் லூகர், பேர்க்மன் ஆகியவற்றுடன், பிரித்தானியாவின் வெப்ளி-பொஸ்பரி போன்ற விசித்திரக் கலவைகளும் வந்திருந்தன. சோதனை முறைகள் எளிமையானவை, இரக்கமற்றவை. ஒரு பெட்டிக்குள் வைத்து நுண்ணிய மணலை ஊதினார்கள். கையால் துடைத்துவிட்டு உடனே சுட்டார்கள். எண்ணெய்ப் பசையை முற்றாகக் கழுவி நீக்கி, நவச்சாரக் கரைசலில் தோய்த்து, ஏறத்தாழ ஒரு நாள் தொங்கவிட்டுத் துருப்பிடிக்க வைத்துச் சுட்டார்கள். மருந்து கூடிய ரவை, மருந்து குறைந்த ரவை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள்.

முதற் சுற்றின் முடிவில் எதுவும் முழுத் திருப்தி தரவில்லை. எனினும் கோல்ட், சவேஜ் ஆகிய இரண்டும் மேலும் ஆராயத் தக்கவை எனத் தீர்மானிக்கப்பட்டது. களப் பரீட்சைக்காக 200 பிஸ்டல்கள் கோரப்பட்டன. சவேஜ் முதலில் தயங்கியதால் லூகர் அழைக்கப்பட்டது. 1908இல் அந்த ஜேர்மன் நிறுவனம் விலகிக்கொள்ள, சவேஜ் மீண்டும் உள்ளே வந்தது. குதிரைப்படையினரின் கைகளில் அவை இரண்டும் பழகின. முறைப்பாடுகள் குவிந்தன. ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் வடிவமைப்பாளர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மேசையில் அமர்ந்து விளம்பரத்தைப் படித்துச் செய்யப்பட்ட தேர்வன்று இது என்பது கவனத்திற்குரியது. கேட்பது, உடைப்பது, திருத்துவது, மீண்டும் உடைப்பது என்று நான்கு ஆண்டுகள் சென்றன.

ஒக்டனைச் சேர்ந்த மனிதர்

கோல்ட் பிஸ்டலின் பின்னால் இருந்தவர் ஜோன் மோசஸ் பிரவுணிங். 1855இல் யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரில், துப்பாக்கி திருத்தும் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வாழ்நாளில் 128 காப்புரிமைகளைப் பெற்றவர்.

அவரது தீர்வின் சாரம் இதுதான். சுடும் கணத்தில் குழலும் மேலே நகரும் உறையும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். ரவை குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணியும் வரை இரண்டும் சேர்ந்தே சிறிது தூரம் பின்னகரும். பிறகு ஒரு சிறிய இணைப்புத் துண்டு குழலின் பின்புறத்தைக் கீழே இழுக்க, பூட்டு விடுபட்டு, உறை மட்டும் தொடர்ந்து பின்செல்லும். பார்த்தால் ஒரு பிணைச்சல் போன்ற எளிய அமைப்பு. இன்று உலகில் புழங்கும் பெரும்பாலான பிஸ்டல்கள் ஏதோவொரு வகையில் இந்தக் கருத்தின் வாரிசுகளே.

போட்டியாளரான சவேஜ் பிஸ்டலை எல்பர்ட் சேர்ல் வடிவமைத்தார். அதில் குழல் சிறிது சுழல்வதன் மூலம் திறப்பதைத் தாமதப்படுத்தும் முறை கையாளப்பட்டது. அறிவுக்கூர்மையில் குறையில்லை. ஆனால் பெரிய ரவையின் உதைப்பு கையையும் பொறியையும் ஒருங்கே வருத்தியது.

பிரவுணிங்கின் உண்மையான பலம் முதல் வடிவத்தில் இல்லை என்றே கருதுகிறேன். திருத்தங்களை ஏற்றுக்கொண்ட பண்பிலேயே அது இருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றாவிட்டால் சுடாதபடி ஒரு காப்பு சேர்க்கப்பட்டது. குதிரைப்படையினர் வற்புறுத்தியதால், பெருவிரலால் இயக்கும் இன்னொரு காப்பும் இறுதிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. இடையில் நடந்த சோதனையொன்றில் குழல் வெடிப்புக் கண்டபோது அதுவும் திருத்தப்பட்டது. தன் படைப்பின் குறைகளைப் பிறர் பட்டியலிடுவதைப் பொறுமையாகக் கேட்கும் ஆற்றல் எழுத்தாளர்களிடம்கூட அரிது என்பதை இத்தொழிலில் இருந்தவன் என்ற வகையில் நான் அறிவேன்.

இறுதித் தேர்வில் ஒரு பிஸ்டலிலிருந்து 6,000 வேட்டுகள். நூறு வேட்டுகளுக்கு ஒரு தடவை சூடு தணிய ஐந்து நிமிடங்கள். ஆயிரத்துக்கு ஒரு தடவை துப்புரவும் எண்ணெயும். அதன் பின்னர் வேண்டுமென்றே நசுக்கப்பட்ட ரவைகள், துரு, மணல், சேறு. சவேஜ் 37 தடவைகள் தவறியது. கோல்ட் ஒரு தடவையேனும் தவறவில்லை. 1911 மார்ச் 29ஆம் திகதி அது அமெரிக்க இராணுவத்தின் அதிகாரபூர்வ கைத்துப்பாக்கியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டே அதன் பெயருமாயிற்று. ஏழு ரவைகள் கொண்ட கூடு. எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம்.

தட்டச்சுப்பொறியும் தையல் இயந்திரமும்

ஒரு பொறி நன்றாக இயங்குவது வேறு. அதனை இலட்சக்கணக்கில் செய்வதும், ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்துவதும் வேறு. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா குதித்தபோது போதிய பிஸ்டல்கள் இருக்கவில்லை. ஆகவே கோல்ட் நிறுவனமும் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனமும் அதே 0.45 ரவையை ஏற்கும் ரிவோல்வர்களைச் செய்து கொடுக்க நேர்ந்தது. நான்காண்டுத் தேர்வில் தோற்றுப்போன ரிவோல்வர் பின்கதவால் மீண்டும் உள்ளே வந்தது.

இரண்டாம் உலகப் போரில் நடந்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாத நிறுவனங்களுக்கு வரைபடங்கள் கொடுக்கப்பட்டன. ரயில்வே சமிக்ஞைகள் செய்யும் நிறுவனம் ஒன்று பிஸ்டல் செய்தது. தட்டச்சுப்பொறிகளுக்குப் பெயர்போன றெமிங்டன் ராண்ட், நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் 8 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் அதிகமான பிஸ்டல்களைச் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி செய்து வந்த றெமிங்டன் நிறுவனமே 1873இல் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியது. பின்னர் அவ்வியாபாரத்தை விற்றது. அந்தப் பெயர் சுற்றிவந்து மீண்டும் துப்பாக்கியில் பொறிக்கப்பட்டது. எமது அலுவலகத்தின் மூலையில் நான் சேர்ந்த காலத்தில் இருந்த பழைய ஆங்கிலத் தட்டச்சுப்பொறியிலும் அந்தப் பெயரே இருந்தது.

இன்னொரு நிறுவனம் சிங்கர். ஆம், எங்கள் வீடுகளில் இருந்த அதே தையல் இயந்திர நிறுவனமேதான். 1941 அளவில் அது 500 பிஸ்டல்களைச் செய்து ஒப்படைத்தது. பிறகு அதன் நுட்பத்திறன் பீரங்கிகளுக்கான குறிபார்க்கும் கருவிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்த 500இல் எஞ்சியிருப்பவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று பெருந்தொகை கொடுக்கின்றனர்.

1945க்குப் பின்னர் அமெரிக்க இராணுவம் இந்த வகையில் புதியவற்றை வாங்கவில்லை. கொரியா, வியட்னாம் போர்கள் அனைத்திலும் பழையவற்றையே கழற்றி, உறுப்பு மாற்றி, பூட்டிப் பயன்படுத்தியது. 1985 வரை அதுவே அதிகாரபூர்வமானது. எழுபத்து நான்கு ஆண்டுகள்! உழைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒரே கேள்வி, வேறு விடைகள்

ஆனால் அமெரிக்கரின் விடையே ஒரே விடை என்று எண்ணிவிடக்கூடாது. பிரித்தானியர் 1887இல் வெப்ளி ரிவோல்வரை ஏற்றனர். 1915இல் வந்த அதன் ஆறாம் வடிவம் முதலாம் உலகப் போரின் சேற்றுக் குழிகளில் பெயர் பெற்றது. போருக்குப் பின்னர் அவர்கள் எடுத்த முடிவு அமெரிக்கர்களின் முடிவுக்கு நேரெதிரானது. பெரிய ரவையின் உதைப்பைத் தாங்கிச் சுடப் பழக்குவதற்கு நீண்ட காலம் தேவை; சிறிய ரவையென்றால் புதியவரும் விரைவில் பழகுவர் என்று கருதி, 1932இல் 0.38 அங்குல என்ஃபீல்ட் ரிவோல்வருக்கு இறங்கினர். அமெரிக்கர் ரவையைப் பெரிதாக்கினர். பிரித்தானியர் பயிற்சியை எளிதாக்கினர். சிக்காகோ அறிக்கையின் மறக்கப்பட்ட இரண்டாம் பகுதியைப் பிரித்தானியரே செயலில் காட்டினர் எனலாம்.

1980களின் தொடக்கத்தில் ஒஸ்திரிய இராணுவம் பழைய வால்தர் பிஸ்டலுக்கு மாற்றுத் தேடியது. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து உருக்குத் தகட்டில் விழுந்தாலும் வெடிக்கக்கூடாது, ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குத் தீட்டாமல் பொருந்த வேண்டும் என்பன போன்ற 17 நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. திரைச்சீலைக் கம்பிகளும் இராணுவக் கத்திகளும் செய்து வந்த, அதுவரை ஒரு துப்பாக்கியையும் வடிவமைத்திராத கஸ்ரன் குளொக் என்பவர் வென்றார். பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட அவரது பிஸ்டல் 1982இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023 டிசெம்பரில் அவர் காலமானபோது உலகின் பல நாடுகளின் பொலிஸார் அதனையே இடுப்பில் அணிந்திருந்தனர்.

தேர்வுகள் பொய்த்ததும் உண்டு. 1984இல் எட்டு நிறுவனங்கள் போட்டியிட்ட அமெரிக்கத் தேர்வில் இத்தாலியின் பெரெட்டாவும் சிக் சோவரும் மட்டுமே தேறின. விலை குறைந்த பெரெட்டா 1985இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் சில பிஸ்டல்களின் மேலுறை உடைந்து பின்னால் பறந்து, சுட்டவர்களின் முகத்தைக் காயப்படுத்தியது. வடிவம் திருத்தப்பட்டது, மறுதேர்விலும் பெரெட்டாவே வென்றது. 2017 ஜனவரியில் அதன் இடத்துக்குச் சிக் சோவரின் புதிய பிஸ்டல் தெரிவானது. அதே ஆண்டு ஓகஸ்டில், அதன் பொதுச் சந்தை வடிவம் சில கோணங்களில் கீழே விழும்போது தானாகவே வெடிக்கிறது என்ற பிரச்சினை கிளம்பியது; திருத்தம் செய்துதர நிறுவனம் முன்வந்தது. எத்தனை ஆயிரம் வேட்டுகள் சுட்டுப் பார்த்தாலும், ஒருவரும் கேட்க நினைக்காத கேள்வி ஒன்று எப்போதும் எஞ்சியிருக்கும்.

கேட்கப்படாத கேள்வி

எஞ்சியிருக்கும் கேள்விகளுள் பெரியது, அந்தப் பொறி யாருக்கு நம்பிக்கையானது என்பதாகும்.

1914 ஜூன் 28ஆம் திகதி சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினன்ட் மீது முதலில் எறியப்பட்டது ஒரு குண்டு. அது குறிதவறிப் பின்னால் வந்த வாகனத்தின் கீழ் வெடித்தது. எறிந்தவன் விழுங்கிய சயனைட் அவனைக் கொல்லவில்லை. அன்றைய தினம் சதிகாரர்களின் கையிலிருந்த கருவிகளுள் தவறாது வேலை செய்தது ஒன்றுதான். கவ்ரிலோ பிரின்சிப்பின் கையிலிருந்த, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட 1910ஆம் ஆண்டு மாதிரிப் பிஸ்டல். அதன் வடிவமைப்பாளரும் ஜோன் பிரவுணிங்தான். இரண்டு வேட்டுகள் போதுமாயிருந்தன.

1948 ஜனவரி 30ஆம் திகதி புதுடில்லியில் மகாத்மா காந்தியைக் கொன்றது, இத்தாலிய இராணுவத்துக்கென உருவாக்கப்பட்ட பெரெட்டா 1934 மாதிரி. மூன்று வேட்டுகள். ஒன்றும் தவறவில்லை.

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி கொழும்பு ரொஸ்மிட் பிளேஸ் இல்லத்தில், தன்னைக் காண வந்த பிக்குவை வணங்கிய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவைச் சுட்டது ஒரு வெப்ளி ரிவோல்வர். பேரரசின் அதிகாரிகளுக்கென உருவான ஆயுதம், பேரரசு போன பின்னரும் பழுதின்றி இருந்தது. மறுநாள் உயிர் பிரிவதற்கு முன்னர், தன்னைச் சுட்டவன்மீது கருணை காட்டுமாறு பண்டாரநாயக்கா கேட்டுக்கொண்டார். அவர் கொண்டுவந்த மொழிச் சட்டத்தால் எம்மவர் அடைந்த துன்பம் ஒருபுறமிருக்க, அந்த வேண்டுகோள் வரலாற்றில் தனியே நிற்கிறது. தல்துவே சோமாராம 1962இல் தூக்கிலிடப்பட்டார்.

ஸ்பிரிங்பீல்டில் மணலையும் துருவையும் சேற்றையும் கொண்டு சோதித்தவர்கள் தம் கடமையை நேர்மையாகவே செய்தார்கள். அவர்கள் தேடியது தன் சிப்பாயைக் கைவிடாத ஒரு பொறியை. பொறி யாருடைய கை என்று பார்ப்பதில்லை. கையைப் பரிசோதிக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்குக் கொடுக்கப்படவில்லை. "இனந்தெரியாத நபர்கள்" என்று நான் எழுதிய ஒவ்வொரு செய்தியின் பின்னாலும், எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவர் அக்கறையோடு சோதித்துத் தேர்வு செய்த ஒரு பொறி இருந்தது. எனக்குத் தெரிந்தவர்களும் அந்தச் செய்திகளில் இருந்தார்கள். அவர்களுள் எவருடைய விடயத்திலும் ஒரு ரவையாவது சிக்கிக்கொள்ளவில்லை. ஒரு மணற்துகள் புகுந்திருக்கலாகாதா என்று நான் எண்ணிய இரவுகள் உண்டு.

இதை எழுதும்போது அம்மாவின் சிங்கர் இயந்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் வீட்டாரும் நடந்தார்கள். நான் கொழும்பில் இருந்தேன். இயந்திரத்தைத் தூக்கிச் செல்ல வழியில்லை. பழைய சேலையொன்றால் மூடிவிட்டு அம்மா வெளியேறினா. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரை பாதி இல்லை, கதவுகள் இல்லை. இயந்திரம் இருந்தது. ஒரு மாரிமழை முழுவதையும் அது நனைந்தே கழித்திருந்தது. சக்கரம் அசையவில்லை. அம்மா மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, இரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு எண்ணெய் போட்டா. மூன்றாம் நாள் அது ஓடியது.

ஸ்பிரிங்பீல்ட் குழுவினர் நவச்சாரமும் மணலும் கொண்டு செய்த அதே பரீட்சையைத்தான் அந்த ஆண்டின் மாரி எங்கள் வீட்டில் செய்து பார்த்தது. அம்மா அந்த இயந்திரத்தில் அதன் பின்னரும் பல ஆண்டுகள் அயலட்டைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுத்தா. அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த பெயரை ஒரு காலத்தில் 500 பிஸ்டல்களும் தாங்கியிருந்தன என்பதை நான் அவவிடம் சொல்லவேயில்லை.